மறைந்துறையும் உருவம்

புதிய கருவி வந்தபின் பழைய கருவி ஒழிவது உலகியற்கை. காகிதமும் அச்சும் பரவிய பின்னர்ப் பனையோலையில் எழுதுவார் அருகினர். எழுத்தாணி பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றது. ஓலையின் அருமையை மேடைதோறும் பேசுவார் பலருளர். எனினும் தேர்வு விடைகளை ஓலையிற் கீறித் தர விரும்பும் மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். நிழற்படக் கலையிலோ இவ்வியற்கைக்கு மாறாகிய ஒன்று நம் கண்முன்னே நிகழ்கின்றது. டிஜிட்டல் காமிரா பிலிமை வென்று ஆண்டுகள் பலவாயின. வென்றதில் யார்க்கும் ஐயமில்லை. ஆயினும், 2012-ம் ஆண்டில் நிறுத்தப்பட்ட எக்டாகுரோம் என்னும் வண்ணப் பிலிம் 2018-ல் கோடாக் என்ற பெயராலேயே மீண்டும் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் மாபர்லி என்னும் ஊரிலுள்ள ஹார்மன் கம்பெனியார், கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கே பெயர்பெற்றவர், 2023-ல் பீனிக்ஸ் என்னும் வண்ணப் பிலிமைச் செய்து வெளியிட்டனர். 2024-ல் பென்டாக்ஸ் என்ற பெயரால் பிலிமுக்கென்றே புதிய காமிரா ஒன்று வந்தது. தோற்ற கருவியைப் பொருள்கொடுத்து வாங்குவார் அதன்கண் துய்க்கும் இன்பம் யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாவது.

முதற்கண் டிஜிட்டல் முறைக்குரிய பெருமையைக் குறைவின்றிக் கொடுத்துவிடல் வேண்டும். 1975-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியில் பணிபுரிந்த ஸ்டீவன் ஸாசன் என்னும் இளம் பொறியாளர் செய்த டிஜிட்டல் காமிரா ஏறக்குறைய 3.6 கிலோ எடையுடையது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 விநாடி சென்றது. படமோ நெடுக்கில் நூறும் குறுக்கில் நூறுமாகிய புள்ளிகளே கொண்டது. அக்குழவி வளர்ந்து, தன்னைப் பெற்ற கம்பெனியையே 2012-ல் கடனிறுக்க மாட்டாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடும் நிலைக்குக் கொண்டுவந்தது. இன்று சட்டைப் பையில் அடங்கும் தொலைபேசியும் அரையிருளில் தெளிந்த படம் எடுக்கின்றது. செய்தித்தாளுக்கும் வானநூல் ஆராய்ச்சிக்கும் பிலிமே சிறந்ததெனக் கூறுவார் உளராயின், அவரொடு வழக்காடுதல் வீண்.

பிலிமை விரும்புவோர் தாம் கூறும் காரணங்களுள் முதலாவது, அதன் தோற்றப் பொலிவு. இது வெற்றுரையன்று. டிஜிட்டல் காமிராவின் சிலிக்கன் தகடு தன்மேல் விழும் ஒளியை அளந்து அளந்து எண்ணுகின்றது. இருமடங்கு ஒளி விழுந்தால் இருமடங்கு எண்ணிக்கை. பாத்திரம் நிரம்பியதும் எண்ணுதல் நின்றுவிடும். அதற்குமேல் விழுந்த ஒளியெல்லாம் ஒரே வெண்மையாய், உள்ளே யாதொரு குறிப்புமின்றி, வெறுமையாகிவிடும். வெயிலில் நிற்பவரின் வெள்ளாடை மடிப்பற்ற காகிதம்போல் ஆவது இதனால்தான். பிலிமோ ஒளி மிகுந்துழி உடனே தோற்பதில்லை. மெல்ல மெல்லத் தளர்கின்றது. இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிபீல்டு என்னும் இருவர் 1890-ல் இதனை அளந்து வளைகோடாக வரைந்து காட்டினர். அக்கோட்டின் மேற்பகுதி மனிதன் தோள்போல் வளைந்து செல்லும். தோள் என்றே நூலோரும் பெயரிட்டனர். வெள்ளாடையின் மடிப்பும், மணமகள் முக்காட்டின் நூலிழையும் எஞ்சி நிற்பது அத்தோளின் உதவியால்.

ஆயினும் இக்காரணம் மட்டும் போதியதென்று எனக்குத் தோன்றவில்லை. பிலிமின் வளைகோட்டையும், அதன் மணல்போன்ற துகளையும் கணிப்பொறி இன்று ஏறக்குறையப் போலி செய்துவிடுகின்றது. இரண்டு படங்களை அருகருகே வைத்து எது பிலிம் எனக் கேட்டால், பிலிமன்பரே பலகாற் பிழைபடக் கூடும். தோற்றத்தை வேறு வழியாலும் பெறலாமெனின், அத்தோற்றத்தின் பொருட்டே பொருளும் பொழுதும் செலவிடுவது என்னை? விடையைப் படத்தில் தேடாமல், படம் உண்டாகும் வழியில் தேடுதல் வேண்டும்.

பிலிம் என்பது தெளிந்த தாளொன்றின்மீது பசைபோற் பூசிய ஜெலட்டின். அந்த ஜெலட்டினுள் எண்ணிறந்த வெள்ளி உப்பின் நுண்பளிங்குகள் விரவிக் கிடக்கின்றன. காமிராவின் கதவு ஒரு கணம் திறந்து மூடுகின்றது. அக்கணத்தில் ஒளிபட்ட பளிங்கில் நிகழ்வது மிகச் சிறியதொரு மாறுதல். கோடிக்கணக்கான வெள்ளியணுக்களை உப்பாகத் தன்னுட்கொண்ட பளிங்கில், நான்கைந்து அணுக்கள் மட்டும் உப்பின் பிடியினின்றும் விடுபட்டு ஓரிடத்தில் ஒன்றுகூடி நிற்கும். அவ்வளவே. இது நிகழும் முறையை கர்னி, மாட் என்னும் பௌதிக நூலார் இருவர் 1938-ல் விளக்கினர். அச்சிறு கூட்டத்தை எக்கண்ணும் காணமாட்டாது. அப்பிலிமை அப்பொழுதே வெளியிலெடுத்துப் பார்த்தால் அழிவதேயன்றிக் காண்பது ஒன்றுமில்லை. பின்னர் டெவலப்பர் என்னும் மருந்துநீரில் இட்டபோது, அந்நான்கைந்து அணுக்களே வாயிலாக நின்று, பளிங்கு முழுவதையும் கரிய வெள்ளியாக்குகின்றன. ஒளி செய்த தொழிலை மருந்து பல கோடி மடங்கு பெருக்குகின்றது. ஒளிபட்ட கணத்திற்கும் மருந்து படும் கணத்திற்கும் இடையே படம் உண்டு, ஆனால் தோன்றாது. இதனை மறையுருவம் என ஈண்டு வழங்குவாம்.

இம்மறையுருவம் கடுகுக்கும் ஓரளவு கடன்பட்டது என்றால் நண்பர் நகைப்பர். ஜெலட்டின் மாட்டின் தோலினின்றும் எலும்பினின்றும் செய்யப்படுவது. ஒரு முறை செய்த ஜெலட்டின் ஒளியை விரைந்து பற்றுவதும், மற்றொரு முறை செய்தது மந்தமாவதும் பல்லாண்டு புரியாப் புதிராக இருந்தன. கோடாக் கம்பெனியின் ஆராய்ச்சியாளராகிய ஷெப்பர்டு 1920-களில் இதன் மூலத்தைக் கண்டார். மாடு தின்ற தழையில் கடுகினஞ் சேர்ந்திருந்தால், கடுகெண்ணெயிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள் அணுவளவாக ஜெலட்டினிற் கலந்து நின்று, பளிங்கின் கூர்மையைப் பெருக்குகின்றதாம். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று எந்த இரசாயன நூலிலும் கிடையாது.

மறையுருவத்தின் ஆற்றலைக் காகிதத்திற் கண்டவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட். அவர் 1835-ல் லேகாக் என்னும் ஊரில் தம் இல்லத்துச் சாளரத்தைச் சிறியதோர் காகிதத்திற் பதிந்தார். அக்காலத்து முறைப்படி உருவம் கண்ணுக்குத் தெரியுந்துணையும் காகிதத்தை ஒளியிற் காட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். 1840-ல் அவர் வேறொன்று கண்டார்: சிறிது பொழுதே ஒளிபட்டு வெறுந்தாள்போற் கிடந்த காகிதத்தில் மருந்து பூசியவுடன் படம் தானே எழுந்து வந்தது. இதனைப் படித்தபொழுது என் நினைவு ஓலைச்சுவடிக்குச் சென்றது. எழுத்தாணியாற் கீறிய எழுத்து ஓலையின் நிறத்தோடு ஒன்றி நிற்கும். கரிமை பூசித் துடைத்த பின்னரே வரிவரியாய் விளங்கும். எழுதினவன் கை முன்னரே எழுதி முடித்தது; கண் பின்னரே கண்டது. கைக்கும் கண்ணுக்கும் நடுவே இத்தகைய இடைவெளி நம் முன்னோர்க்கும் பழக்கமாயிருந்ததே.

யான் கருதுவது இது: பிலிமை விரும்புவோர் விரும்புவது இவ்விடைவெளியை. டிஜிட்டல் காமிராவில் அஃது இல்லை. படமெடுப்போர் ஒவ்வொரு முறையும் குனிந்து காமிராவின் பின்புறத்துத் திரையை நோக்குவர். பிழையெனின் அழித்து மீண்டும் எடுப்பர். தோமாவைப்போற் கண்டன்றி நம்பார். அது தவறென்று யான் கூறவில்லை, தோமாவும் அப்போஸ்தலரே. ஆயினும், பார்த்துத் திருத்துதல் இயலாதவிடத்து, பார்ப்பதற்கு முன்னமே மனத்தில் படத்தைக் காணும் ஒரு பயிற்சி உண்டாகின்றது. கலைஞனுக்கு இன்பமாவது அப்பயிற்சி.

இதற்கு ஒரு சான்று காட்டுவேன். அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் 1941-ல் நவம்பர் மாதத்து மாலையொன்றில் நியூ மெக்ஸிகோ நாட்டிடையே காரிற் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரருகே, கிழக்கில் நிலவு எழுந்திருந்தது. மேற்கே சாயும் கதிரவனின் கடைசி ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மேல் வெள்ளெனப் படிந்திருந்தது. காரை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பிலிம் கொள்ளும் பெருங்காமிராவை விரைந்து நாட்டினார். ஒளியளக்கும் கருவியைத் தேடினார்; அகப்படவில்லை. கதிரவன் மறையச் சில கணங்களே இருந்தன. நிலவின் ஒளிவளம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அவ்வொன்றனையே அடியாகக் கொண்டு மனத்திற் கணக்கிட்டு, ஒரு விநாடி கதவைத் திறந்து மூடினார். காப்பாக இன்னொரு படம் எடுப்போமென்று பிலிம் சட்டத்தைத் திருப்புவதற்குள், சிலுவைகளின்மேலிருந்த ஒளி போய்விட்டது. எடுத்தது ஒன்றே. அவ்வொன்றும் எவ்வாறு அமைந்ததெனக் காண அவர்க்கு அங்கு யாதொரு வழியுமில்லை. மறையுருவத்தைச் சுமந்துகொண்டு இருளிற் காரைச் செலுத்திச் சென்றார்.

அந்த நெகட்டிவ் குற்றமற்றதன்று. முன்புறத்து நிலம் மிக மெலிந்திருந்தமையால், 1948-ல் அப்பகுதியை மருந்தாற் செறிவுபடுத்தினார். அதனினின்றும் 1,300-க்கு மேற்பட்ட படிகளைத் தம் வாழ்நாளில் அச்சிட்டார் என்பர். முற்பட்ட படிகளில் வானம் சற்றே வெளிறியிருக்கும். பிற்பட்டவற்றில் நள்ளிரவெனக் கறுத்திருக்கும். இசை பயின்ற அவர், நெகட்டிவ் என்பது எழுதிவைத்த இசைக்குறிப்பு என்றும், அச்சிடுதல் அதனைப் பாடுதல் என்றும் கூறுவர். ஒரே கீர்த்தனத்தை நாற்பதாண்டு பாடினால் பாட்டு மாறாதோ?

பிலிமைப் புகழ்வோர் மற்றொரு காரணமுங் கூறுவர்: ஒரு சுருளில் 36 படமே ஆதலின், எண்ணிச் செலவிடும் சிக்கனம் கலைஞனுக்கு வாய்க்கின்றது என்பது அது. கேட்க நன்றாயிருக்கின்றது; ஆனால் வரலாறு இதற்குச் சான்று பகரவில்லை. நியூயார்க் வீதிகளிற் படமெடுத்துப் புகழ்பெற்ற கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபொழுது, ஒளிபட்டும் மருந்து படாத பிலிம் சுருள்கள் ஏறக்குறைய 2,500 கிடந்தன. சிக்கனம் அவரிடத்து எங்கே? ஆயினும் அவரிடத்தும் மறையுருவத்தின் பயன் வேறொரு வகையில் விளங்குகின்றது. எடுத்த சுருளை அவர் நெடுநாள் கிடக்கவிட்டே டெவலப் செய்வார். படமெடுத்த நாளின் மகிழ்ச்சி தம் தீர்ப்பைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. எடுத்த நாளை மறந்தபின், பிறர் எடுத்த படத்தைப் பார்ப்பதுபோற் பார்த்துத் தேர்ந்தார். கட்டுரையெழுதும் நம்மனோர்க்கும் இவ்வழக்கம் உதவும். ஆனால் ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் எழுதுவோர்க்கு உதவாது!

இடைவெளி எத்துணைக் காலம் நீளலாம்? ஆண்ட்ரே, ஸ்டிரிண்ட்பர்க், பிரெங்கல் என்னும் சுவீடன் நாட்டார் மூவர் 1897-ல் ஜூலை மாதத்தில் பலூனேறி வடதுருவத்தை நாடிப் புறப்பட்டனர். மூன்றாம் நாளில் பலூன் பனிக்கட்டிமேல் இறங்கிவிட்டது. மூவரும் மாதக்கணக்காகப் பனியில் நடந்து, வெண்தீவு என்னும் இடத்தை அடைந்து, அங்கே மாண்டனர். அவர்கள் கதி யாதாயிற்றென்று உலகம் அறியவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1930-ல், அத்தீவில் இறங்கியோர் அவர்தம் உடல்களைக் கண்டனர். இளைஞர் ஸ்டிரிண்ட்பர்க் எடுத்த பிலிம்களையும் கண்டனர். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பர்க் என்னும் வல்லுநர் அவற்றை மிக்க கவனத்தோடு டெவலப் செய்தார். 240 படங்களுக்கு இடமிருந்ததில் 93 மீண்டன. பனிமேற் சாய்ந்து கிடக்கும் பலூனும் அதனை நோக்கி நிற்கும் இருவரும் அவற்றுளொன்றில் உளர். அப்படத்தை எடுத்தவர் கண் அதனைக் கண்டதில்லை. பனியும் உப்புநீரும் அந்நான்கைந்து வெள்ளியணுக்களை முற்றும் கலைக்க மாட்டாது விட்டது வியப்பே.

இவ்வாறே, ஷிகாகோ நகரத்தில் குழந்தை வளர்க்கும் செவிலியாய் வாழ்ந்த விவியன் மையர் என்னும் பெண்மணியின் பெட்டிகள், வாடகை கட்டாமையால் 2007-ல் ஏலத்திற்கு வந்தன. நூறாயிரத்திற்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் அவருடையன என்று பின்னர்த் தெரிந்தது. டெவலப் செய்யாத சுருள்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். அவர் பெயர் பரவுமுன்னே, 2009-ல் அவர் காலமானார். அவர் அவற்றை யார்க்கும் காட்ட விரும்பினாரோ என்பது இன்றும் வழக்கிலுள்ள வினா. கேளாமல் திறப்பது முறையோ என்னும் ஐயம் எனக்கும் உண்டு. எனினும், செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்த உ. வே. சாமிநாதையரின் மாணவர் வழி வந்த நாம், திறந்தவர்மேற் குற்றஞ் சாட்டத் துணியோம்.

இருட்டறையைப்பற்றியும் ஒரு சொல். நண்பரொருவர் தம் வீட்டுக் குளியலறைச் சாளரத்தில் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு விளக்கொன்றேற்றி, அங்கே படம் அச்சிட்டு வருகின்றார். ஒரு முறை யான் உடனிருந்தேன். வெறுந்தாளொன்றை மருந்துத் தட்டிலிட்டுத் தட்டை மெல்ல அசைத்தார். பத்து விநாடிகள் ஒன்றுமில்லை. பின்னர் இரண்டு கரும்புள்ளிகள் தோன்றின; அவை கண்கள். அடுத்துக் கூந்தலின் நிழல், அடுத்து உதட்டின் ஓரம், இறுதியாகக் கன்னத்தின் மெல்லிய சாயல். அம்முகம் காலஞ்சென்ற அவருடைய பாட்டியார் முகம். நண்பர் ஒன்றும் பேசவில்லை. தட்டை அசைப்பதை நிறுத்தவுமில்லை. பலமுறை அச்சிட்டுப் பழகியவரே. ஆயினும் அவர் கண் அத்தாளினின்றும் அகலவில்லை. திரையில் ஒரு நொடியில் முழுதும் தோன்றும் படத்தை ஒருவரும் அவ்வாறு பார்த்திருக்க யான் கண்டதில்லை.

இனி மறுப்புக்கள். பிலிமும் மருந்தும் விலைமிக்கன. நம்போன்ற மாணவர் பலர்க்கு எட்டாதன. மருந்துநீரைக் கண்டவிடத்திற் கொட்டலாகாது. கழிந்த ஹைப்போநீரில் வெள்ளி கரைந்திருக்கும். பழைய காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதே நோக்கமாய்த் திரியும் வேடக்காரரும் உளர். இவற்றினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு: பிலிமில் எடுப்போருட் பெரும்பாலார், டெவலப் செய்தவுடன் அதனை ஸ்கேன் செய்து கணிப்பொறியில் ஏற்றிவிடுகின்றனர், முடிவில் எல்லாம் டிஜிட்டலே எனின், பிலிம் எற்றுக்கு? இன்பம் தோற்றத்தில் மட்டும் இருந்திருப்பின் இவ்வினாவிற்கு விடையிராது. அஃது இடைவெளியிலிருப்பின், ஸ்கேன் செய்வதால் அதற்குக் குறைவொன்றுமில்லை. இடைவெளி அதற்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தது.

ஆனால் மறையுருவத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. அது தானே எழமாட்டாது; மருந்து செய்வோரும், பிலிம் செய்வோரும் வேண்டும். ஒருவர் வீட்டிற் பூசிக்கொள்ளும் பொருளன்று பிலிம். பெரிய தொழிற்சாலையும், பயின்ற கைகளும் இன்றி அஃதில்லை. நீலகிரியில் உதகமண்டலத்தில் மத்திய அரசாங்கத்தார் 1960-ல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினர். 1967-ல் அங்கு உற்பத்தி தொடங்கிற்று. இந்து என்னும் பெயரோடு வந்த அதன் கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒரு தலைமுறையினருக்கு அறிமுகமானது. இன்று அத்தொழிற்சாலை இயங்கவில்லை. தொழிலாளர் பிரிந்து போயினர். பிலிம் பூசத் தெரிந்த கைகளை மீண்டும் ஓரிடத்திற் கூட்டுதல் எளிதன்று. அயல்நாட்டு அன்பர்கள் பெருவிலை கொடுத்துச் சுருள் சுருளாய் வாங்குவதை வீண்செலவென்று இகழ்வோர், அவ்விலையே எஞ்சிய சில தொழிற்சாலைகளின் அடுப்பை எரியவைக்கின்றது என்பதையும் எண்ணல் வேண்டும்.

அவ்வடுப்பு அணைந்தால் நிகழ்வதைக் கோடாக்குரோம் காட்டிற்று. 1935-ல் வந்த அவ்வண்ணப் பிலிமில் வண்ணமே இல்லை. மூன்றடுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம் அது. சாயங்கள் டெவலப் செய்யும்பொழுதே மருந்துநீரினின்றும் ஏறும். அம்மருந்துமுறை மிகச் சிக்கலானது, வீட்டில் இயலாது. 2009-ல் கோடாக் கம்பெனியார் அப்பிலிமை நிறுத்தினர். கடைசியாகச் செய்த சுருளொன்றை ஸ்டீவ் மெக்கரி என்னும் கலைஞரிடம் அளித்தனர்; அவர் நியூயார்க்கிலும் இந்தியாவிலும் அதனாற் படங்கள் எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் கான்ஸஸ் நாட்டுப் பார்ஸன்ஸ் என்னும் சிற்றூரை நேரிலடைந்தார். உலகில் அம்மருந்து அப்பொழுது எஞ்சியிருந்தது அவ்வூர்க் கடையொன்றிலேதான். அங்கும் 2010-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதியோடு சுருள்களை ஏற்றுக்கொள்ளுதல் நின்றது. அந்நாளைத் தவறவிட்ட சுருள்கள் வீட்டுப் பரண்களிலும் பெட்டியடிகளிலும் இன்னும் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் மறையுருவம் உண்டு. பொறுமையுடையோர் அவற்றைக் கறுப்பு வெள்ளையாக எழுப்பித் தருகின்றனர். பிறந்தநாள் விழாவும் கடற்கரையும் தோன்றுகின்றன. குழந்தையின் சட்டை என்ன நிறமென்று மட்டும் அப்படத்தைக்கொண்டு சொல்ல முடிவதில்லை.